முதல் கையெழுத்து

ஒரு பணியிடத்தில் பொறுப்புணர்வு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் வாசகங்களைப் படிக்க வேண்டியதில்லை. ஏதாவது கெட்டுப்போன பிறகு வரும் முதல் அரை மணி நேரம் அங்கே நின்றால் போதும். யார் கண் யாரைத் தேடுகிறது, யார் கை எந்தத் தாளை மறைக்கிறது, தலைவராக இருப்பவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அந்த முதல் சொல் "யார்?" என்பதாக இருந்தால், அதன் பிறகு அங்கே உண்மை கிடைப்பது கடினம். பதில் கிடைக்கும். அவரவர் தப்பித்துக்கொள்ளச் செய்த பதிலாக அது இருக்கும்.

நான் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கோவையின் இயந்திரக்கூடங்களில் கழித்தவன். லேத்தில் நின்று தொழில் கற்று, செட்டராகி, கடைசியில் மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். பொறுப்பைப் பற்றிப் பேசிய மேலாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதைத் தன் தோளில் தாங்கிக் காட்டியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிடம்தான் ஆட்கள் நிலைத்தார்கள், அவர்கள் கூடத்தில்தான் சரக்கு திரும்பி வராமல் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர் நான் இளைஞனாக இருந்தபோது எங்களுக்கு ஃபோர்மேனாக இருந்த ஒருவர்.

அது மோனோபிளாக் பம்புக்கான ஷாஃப்ட் செய்யும் கூடம். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் மைக்ரான் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பெருத்துவிட்டால் பேரிங் ஏறாது. ஒருமுறை ஒரு லாட் முழுவதும் அப்படிப் பெருத்துப் போய், வாங்கிய இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. முதலாளி நேராகக் கூடத்துக்குள் வந்தார். "யாரு பண்ணுனது?" என்றார். அந்த லேத்தில் நின்ற பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் ஃபோர்மேன் முன்னால் வந்து, "ஃபர்ஸ்ட் பீஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நானுங்க. கேக்கறதை என்னைக் கேளுங்க" என்றார். முதலாளி கேட்டார். நன்றாகவே கேட்டார். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, அந்தப் பையன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஃபோர்மேன் பெரிய மனதுக்காரர், பையனைக் காப்பாற்றினார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது. மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் அவர் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார். திரும்பி வந்த ஷாஃப்டுகளில் சிலவற்றை எடுத்து இருவருமாக மைக்ரோமீட்டரில் அளந்தார்கள். லாட்டின் தொடக்கத்தில் செய்தவை அளவுக்குள் இருந்தன. போகப் போகப் பெருத்துக்கொண்டே போயிருந்தது. பிட் தேயத் தேய ஷாஃப்ட் பெருக்கும், அது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய பாடம். ஆனால் அதைப் பிடிக்க வேண்டிய ஸ்னாப் கேஜ் ஏன் பிடிக்கவில்லை? கேஜை எடுத்துப் பார்த்தால், அதன் 'கோ' பக்கமே தேய்ந்து வாய் அகன்றிருந்தது. பெருத்த ஷாஃப்டும் அதில் சுகமாக நுழைந்துவிட்டது. கேஜின் கேலிப்ரேஷன் தேதி எப்போதோ தாண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பையன் தானாக வாயைத் திறந்தான். "அண்ணா, மணிக்கொருக்கா மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்கோணும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு டார்கெட் பின்னாடி நின்னுச்சு. கேஜ்தான் போகுதேன்னு உட்டுட்டேன்."

அதை யாரும் அவனிடம் அதட்டி வாங்கவில்லை. முந்தின நாள் முதலாளி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில் வந்திருக்கவே வராது. ஃபோர்மேன் ரிஜெக்‌ஷன் பதிவேட்டை எடுத்தார். கேலிப்ரேஷன் அட்டையைப் பார்க்காமல் கேஜைக் கொடுத்தது தன் தவறு என்று முதலில் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பதிவேட்டைப் பையனிடம் கொடுத்து, "உன்றதை நீ எழுது" என்றார். அவன் எழுதினான். கேஜ்களுக்குப் பொறுப்பான டூல் ரூம் ஆளும் எழுதினார். மூன்று கையெழுத்து, ஒரே பக்கத்தில். அந்தப் பையனுக்கு அந்த வாரம் ஓவர்டைம் கிடையாது என்பதையும் ஃபோர்மேன் அங்கேயே சொல்லிவிட்டார். விதி விதிதான்.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு மாற்றம் வந்தது. சந்தேகம் வந்தால் சரக்கு வெளியே போகும் முன்பே ஆட்கள் வந்து சொல்லத் தொடங்கினார்கள். "இந்த டிரேயில கடைசி கொஞ்சம் எனக்கு நம்பிக்கையில்லீங்க, தனியா வெச்சிருக்கேன்" என்று சொல்வது இழிவாக இல்லாமல் வழக்கமாகிப் போனது. மேலே இருப்பவர் முதல் கையெழுத்தைப் போட்டால் கீழே இருப்பவர் தன் கையெழுத்தைப் போடத் தயங்க மாட்டார். நான் கற்றுக்கொண்டவற்றில் என் பிள்ளைகளுக்கும், என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும் கொடுக்க விரும்பியது இதைத்தான்.

வெளியே தாங்குவது ஒரு வேலை, உள்ளே கேட்பது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் முன்மாதிரி. வெளியே தாங்கிவிட்டு உள்ளே கேட்காமல் விடுகிறவர் நல்லவர் என்று பெயர் வாங்குவார், தவறு மட்டும் திரும்பத் திரும்ப வரும். உள்ளே கேட்டுவிட்டு வெளியே ஆளைக் காட்டிக்கொடுக்கிறவரிடம் இரண்டாவது முறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன் தானே போய் உட்கார்ந்து தோல்வியை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் வெற்றி பெற்றபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பத்திரிகையாளர்களிடம் பேச அனுப்பினார். பள்ளி ஆண்டு விழாக்களில்கூட இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்தக் கதையின் மற்றொரு பாதியை மேடைகளில் அதிகம் கேட்டதில்லை. தோல்விக்குப் பிறகு உள்ளே கடுமையான ஆய்வு நடந்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தக் கசிவு கவுண்ட்டவுனின் கடைசிக் கட்டத்திலேயே தென்பட்டிருந்தது. அதைப் பெரிதல்ல என்று எடைபோட்டு ஏவுதலைத் தொடர்ந்தது தன் முடிவு, எனவே பொறுப்பும் தன்னுடையது என்று ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் கலாம். இதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

தவன் நாட்டின் முன் தாங்கினார். கலாம் தன் குழுவின் முன் தாங்கினார். ஒரு நிறுவனத்தின் மேல்மட்டத்தில் பழி இப்படித் தாங்கப்பட்டால், அடுத்த மட்டத்தில் இருப்பவர் தன் பங்கை மறைக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. மறைக்கப் பார்க்கும் இடத்தில் வால்வு ஒருபோதும் அகப்படாது.

அதற்கும் முன்னால், 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பழுதாகித் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரயில் ஏறும்போதெல்லாம் அதைச் சொல்வார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார். சாஸ்திரி நேரடியாகக் குற்றவாளி என்பதற்காக ஏற்கவில்லை, பொது வாழ்வில் ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்ற கருத்தில் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கமும் தந்தார்.

சாஸ்திரியை நான் வணங்குகிறேன். ஆனால் பதவி விலகுவதைப் பொறுப்பின் ஒரே வடிவமாக எடுத்துக்கொள்வது பணியிடத்துக்கு உதவாது என்பது என் எண்ணம். ஒரு அமைச்சருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அவர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர் ராஜினாமா கடிதம் நீட்டினால் அடுத்த ஷிஃப்டில் அந்த மெஷினை யார் சரிசெய்வது? டெல்லி மெட்ரோவின் தலைவராக இருந்த இ. ஸ்ரீதரனும் 2009 ஜூலை 12 அன்று ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் இடிந்து உயிர்கள் போனபோது அன்றே ராஜினாமா கொடுத்தார். அரசு ஏற்கவில்லை. அவர் பணியைத் தொடர்ந்தார். விலகுவதைவிடக் கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன். இடிந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டும், இறந்தவர்களோடு வேலை பார்த்தவர்களின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும், அடுத்த தூணுக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

முன்மாதிரி என்றதும் சிலர் வெளித்தோற்றத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மேலாளர் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். தன்னைப் பார்த்து மற்றவர்களும் உழைப்பார்கள் என்று உண்மையாகவே நம்பினார். அவருடைய குழு கற்றுக்கொண்டது நேரங்கழித்து உட்கார்ந்திருப்பதை மட்டும்தான். பகலில் முடிக்க வேண்டியதை மாலைக்குத் தள்ளினார்கள், மாலையில் அவர் கண்ணில் பட்டார்கள். இன்னொருவர், யாராவது ஒரு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அதைத் தானே வாங்கி முடித்துவிடுவார். ஆட்களுக்கு அவர் மேல் பாசம் இருந்தது, ஆனால் ஒருவரும் வளரவில்லை. மற்றவரின் வேலையைச் செய்து கொடுப்பது அவரிடமிருந்து பொறுப்பைப் பிடுங்கிக்கொள்வதுதான். தலைவர் காட்ட வேண்டியது தன் வேலையைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை.

அது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்தான் தெரியும். கிரைண்டிங் பக்கம் போகும்போது தானும் கண்ணாடி போட்டுக்கொள்கிறாரா? "நான் ஒரு நிமிஷம்தான் நிக்கப்போறேன்" என்று போடாமல் போனால், அந்தக் கூடத்தில் அன்றைக்கே பாதுகாப்பு விதி செத்துவிட்டது. கூட்டத்துக்கு வரச் சொன்ன நேரத்தில் தான் வருகிறாரா? "புதன்கிழமைக்குள்ள ஸ்டோர்ஸ்ல பேசிச் சொல்றேன்" என்று ஒரு ஹெல்பரிடம் கொடுத்த வாக்கை நினைவு வைத்திருக்கிறாரா? பொது மேலாளருக்குக் கொடுத்த வாக்கை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். ஹெல்பருக்குக் கொடுத்ததை மறக்காதவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் வாக்கை மதிக்கத் தொடங்குகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா என்பதையும் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்லும் உரிமை அந்தக் கூடத்தில் இருக்கிறதா என்பதை அதிலிருந்துதான் அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

என் தம்பி மகன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறான். "எங்க டீம்ல யாருமே ஓனர்ஷிப் எடுக்க மாட்டேங்கறாங்க பெரியப்பா, நான் ஒருத்தனே ஓட வேண்டியிருக்கு" என்று ஒருநாள் வருத்தப்பட்டான். கடைசியாக ஏதோ கோளாறு வந்தபோது குழுவின் வாட்ஸப்பில் நீ முதலில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். போனைத் தேடிப் படித்தான். "இதை யார் புஷ் பண்ணது?" என்று இரவு பதினோரு மணிக்கு எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அவன் கெட்டவன் அல்லன், கோளாறைச் சரிசெய்யும் பதற்றத்தில் கேட்டது. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த எட்டுப் பேரும் கோளாறை விட்டுவிட்டுத் தங்களைக் காத்துக்கொள்ளும் வேலையில் இறங்கிவிட்டார்கள். "ரிலீஸுக்கு ஓகே சொன்னது நான். இப்ப என்ன தெரியுதோ எல்லாரும் போடுங்க, காரணத்தை நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுதியிருக்கலாம் என்றேன். அவன் துறையிலேயே, ஆளைக் குற்றம் சாட்டாமல் காரணத்தை மட்டும் தேடி அறிக்கை எழுதும் முறை உண்டு என்று அவன்தான் எனக்குச் சொன்னான். அந்த முறை இருந்தும், முதல் வரி தவறினால் அறிக்கை வெறும் காகிதம்.

முறை மட்டும் போதாது என்பது ஆலைகளுக்கும் பொருந்தும். டொயோட்டா ஆலைகளில் ஆண்டான் என்ற ஏற்பாடு இருக்கிறது. அசெம்பிளி லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் அங்கே ஓடி வர வேண்டும். குறித்த எல்லைக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். உலகெங்கும் ஆலைகள் இதைப் பார்த்துக் கயிறும் விளக்குப் பலகையும் வாங்கி மாட்டின. ஆனால் இழுத்தவுடன் ஓடி வருபவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் அந்தக் கயிற்றின் உயிர் இருக்கிறது. முகம் சுளித்தவர் வந்தால் அடுத்த முறை யாரும் இழுக்கமாட்டார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடு அறுவை சிகிச்சை பழகிக்கொண்டவர். அப்படி ஒருவர் முன்னால் நிற்கும்போது சோம்பலுக்குச் சாக்குச் சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் அந்த நிறுவனம் அவருடைய எடுத்துக்காட்டை மட்டும் நம்பி நிற்கவில்லை. அறுவைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களை மருத்துவர் வாரியாகப் பதிந்து ஆராயும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டது. மூத்தவர், இளையவர் எல்லோருடைய எண்களும் அதே பதிவேட்டில்தான். முன்மாதிரி ஒரு மனிதரோடு போய்விடாமல் இருக்க வேண்டுமானால் அது இப்படி ஒரு வழக்கத்துக்குள் இறங்க வேண்டும்.

வெளி அடையாளம் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மாருதி நிறுவனம் 1980-களில் குர்கானில் தொடங்கியபோது, மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்று ஜப்பானிய வழியில் வைத்தார்கள். மேலாளர்களும் வரிசையில் நின்று தட்டு வாங்கினார்கள். நம் நாட்டில் அது பெரிய காரியம், இன்றைக்கும் பல இடங்களில் நடக்காதது. ஆனால் அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2012 ஜூலை 18 அன்று வன்முறை வெடித்து ஒரு மனிதவள அதிகாரி உயிரிழந்தார். அந்தக் கொடுமைக்கு நியாயம் எதுவும் கிடையாது. ஆனால் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு வெவ்வேறு சம்பளம் வாங்கிப் போனதில் இருந்த குமுறல் அந்த ஆலையில் வெகுநாளாக இருந்தது. சட்டை ஒன்றாக இருந்தது, சம்பளம் ஒன்றாக இல்லை. இதைப் படிக்கும் மேலாளர்கள் யாராவது தங்கள் கேன்டீன் வரிசையை நினைத்து மனநிறைவு கொள்வார்களானால், இதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகக் குழுப் பொறுப்புக்கு வருகிறவர்களிடம், குறிப்பாக நேற்று வரை கூட நின்று வேலை பார்த்தவர்களுக்கு இன்று தலைவராகிறவர்களிடம், எனக்குச் சொல்ல இருப்பது அதிகம் இல்லை. முதல் வாரத்தில் விதி எதையும் மாற்றாதீர்கள். இருக்கும் விதிகளில் நீங்கள் பின்பற்றாதவை எவை என்று பார்த்து, அவற்றை முதலில் பின்பற்றுங்கள். மேலிடத்திலிருந்து வந்த தவறான உத்தரவால் கோளாறு வந்தால், "மேல சொன்னாங்க" என்று கீழே சொல்லாதீர்கள். அந்தச் சொல் ஒரே நாளில் குழுவுக்குள் பரவி, அடுத்த நாள் ஒவ்வொருவரும் அதையே சொல்வார்கள். மேலே போய் அதை வாதாடுங்கள். வாதாடித் தோற்றால், தோற்றேன் என்றே சொல்லுங்கள். பாராட்டு வரும்போது பெயர்களைச் சொல்லுங்கள். "டீம் நல்லா பண்ணுச்சு" என்பது யாருக்கும் போய்ச் சேராது. "ராத்திரி நின்னு அந்த ஃபிக்ஸ்சரை மாத்துனது இவங்க" என்று ஆளைக் காட்டிச் சொன்னால் அது அவர் வீடு வரைக்கும் போகும்.

கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கூடத்தின், அலுவலகத்தின் பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வருகிற பையன்கள், வடமாநிலங்களிலிருந்து வந்து ஹெல்பர் வேலை பார்ப்பவர்கள், ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வரும் பெண்கள், இவர்கள் கையெழுத்துப் போட அதில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் இல்லை. அவர்கள் செய்த வேலைக்கு வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார், கோளாறு வந்தால் மட்டும் அவர்களைத் தேடுகிறார்கள். அந்தக் கட்டத்தை வரையச் சொல்லுங்கள். இந்திக்காரப் பிள்ளைக்குத் தமிழோ ஆங்கிலமோ எழுத வராவிட்டால் அவன் மொழியிலேயே எழுதட்டும். ஃபர்ஸ்ட் பீஸ் அளக்கும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்தி, மைக்ரோமீட்டரை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தது சரியென்றால் முதலில் நீங்கள் கையெழுத்திடுங்கள், பேனாவை அவனிடம் கொடுங்கள்.